முப்பதாவது நாள் வெள்ளிக்கிழமை

கோர்ட்டு நோட்டீஸை அமீனா எங்கள் வாசல் கதவில் ஒட்டிய அன்று, பசை காய்வதற்குள் அதைப் படித்து அர்த்தம் சொன்னவள் நான்தான். பெரம்பலூர் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. நாள் முழுக்க சர்க்கார் பாஷையைத் தட்டிக்கொண்டிருப்பவளுக்கு ஒரு ஏல நோட்டீஸ் என்ன பிரமாதம்? வீடு ஏலத்துக்கு வருகிறது, அரியலூர்க் கோர்ட்டில், இன்ன தேதியில், இன்ன தொகையிலிருந்து ஆரம்பம் என்று இரண்டு வரியில் சொல்லி முடித்தேன். வீட்டுக்கார அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சொன்னது நல்லா வெளங்குச்சு தங்கச்சி. அந்த ஆளு படிச்சது ஒண்ணுமே புரியல" என்றாள்.

எங்கள் வாசல் என்று எழுதிவிட்டேன். அப்போது அது என் வாசல் இல்லை. முன்கட்டில் அக்காவும் அவள் புருஷனும் இருந்தார்கள். பின்கட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நடுவில் கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம். எல்லாம் பொது.

அந்தப் பின்கட்டு எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் செய்தது பாதிதான் தெரியும். என் அப்பாவும் அம்மாவும் திருமானூர்ப் பக்கம் ஊரார் வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்து என்னைப் படிக்க வைத்தவர்கள். வேலைக்கு ஆர்டர் வந்து பெரம்பலூர் வந்தபோது டவுனில் ஆறு வீடு ஏறி இறங்கினேன். மரியாதையாக உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, "எந்த ஊருங்க, என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். பதில் சொன்னதும் வீடு போன வாரமே ஒருவருக்குப் பேசியாகிவிட்டது என்பார்கள். ஏழாவதாக வந்த இடம் இது. அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சாயங்காலம் எத்தன மணிக்கு வருவ? தண்ணி எறச்சு வைக்கவா?"

அதற்கு மேல் அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேனோ, தெரியவில்லை.

அக்காவின் புருஷன் கடலைக்கொட்டை வியாபாரி. அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், வியாபாரத்துக்கு ஆகாதவர். கூட்டு சேர்ந்தவன் கைவிட்டுப் போக, வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் இவர் தலையில் விழுந்தது. அரியலூரில் கடன் கொடுத்தவர் கேஸ் போட்டு டிக்ரி வாங்கிவிட்டார். வாய்தா வாய்தாவாக இழுத்துப் பார்த்தும் கடைசியில் ஏலம் வந்து நின்றது. தெருவில் தண்டோரா போட்டார்கள். தப்பு அடித்தவர் எங்கள் வாசலுக்கு வந்ததும் குச்சியைக் கொஞ்சம் மெதுவாகப் போட்டார். அண்ணனிடம் கடலை வாங்கித் தின்றவர் போலிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. எழுதி வைத்ததில்லை, யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. தெருவில் ஒருவர் வீடு ஏலத்துக்கு வந்தால் தெருவில் இன்னொருவர் கேட்கக் கூடாது. பங்காளிச் சண்டையில் பத்து வருஷம் முகம் பார்க்காதவன்கூட அன்றைக்கு அரியலூர் பஸ் ஏற மாட்டான். அந்த வழக்கத்தால்தான் முதல் ஏலத்தில் கேட்க ஆள் இல்லை. தள்ளி வைத்தார்கள். விலையைக் குறைத்து இரண்டாம் முறை போட்டார்கள். அப்போதும் வெளியூர்க்காரர்கள் சிலர் வந்து நின்று, வாயைத் திறக்காமல் வெற்றிலை போட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கிற ஆட்கள்.

ஏலத்தில் நடந்ததை எனக்குச் சொன்னவர் அமீனா. இரண்டாவது ஏலம் நின்ற பிறகு மறு நோட்டீஸ் ஒட்ட வந்தவர் என் பின்கட்டில் உட்கார்ந்து காபி குடித்தார். பேச்சுப் பிரியர். ஏலம் எடுத்தவர் அந்த இடத்திலேயே கால் பங்கு கட்ட வேண்டும், மிச்சத்தைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும், தவறினால் கட்டியதும் கையை விட்டுப் போகலாம் என்றார்.

"பணத்தக் கட்டிட்டா வீடு அன்னிக்கே நம்மளுதுன்னு நெனச்சுரக் கூடாதும்மா. முப்பது நாள் பொறுக்கணும். அதுக்குள்ள வீட்டுச் சொந்தக்காரரு கடன் பணத்தையும், ஏலம் எடுத்தவருக்கு நூத்துக்கு அஞ்சு வீதம் மேல் பணத்தையும் கோர்ட்டுல கட்டிட்டா, ஏலம் ரத்து. முப்பத்தோராம் நாள் கோடி ரூவா கொண்டாந்தாலும் கெடையாது. ஜட்ஜு நெனச்சாலும் முடியாது."

"எடுத்தவருக்கு எதுக்குங்க அஞ்சு வீதம்?"

"வீடு கெடைக்கலையேன்னு வருத்தப்படுவாருல்ல? அதுக்கு ஆறுதல்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் சிரிக்கும்போதே என் கண் கிணற்றையும் முருங்கையையும் பின்சுவரையும் அளந்துகொண்டிருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தபோது பேச்சை எடுத்தேன். யாரோ வெளியாள் எடுத்தால் நம்மைக் காலி செய்யச் சொல்வான், திரும்ப ஆறு படி ஏறி என்ன ஆள் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நாம் எடுத்தால் அக்காவும் முன்கட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றேன். நியாயமாகத்தான் இருந்தது. என் நியாயங்கள் எப்போதும் நன்றாகவே இருக்கும். அவர் ஃபேக்டரியில் பி.எஃப். லோன் எழுதினார். நான் சீட்டைத் தள்ளி எடுத்தேன், கழுத்திலும் கையிலும் கிடந்ததை வைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் பத்து தப்படி தூரம்.

மூன்றாவது ஏலம் ஆனி மாதம் ஒரு புதன்கிழமை. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் பத்து இருபது பேர் நின்றார்கள். பெண் நான் ஒருத்திதான். அண்ணன் கொஞ்சம் தள்ளித் தூண் ஓரமாக, வெள்ளைச் சட்டை போட்டுக் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். வீட்டுச் சொந்தக்காரர் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் வருவார்களாம். அமீனா சொல்லியிருக்கிறார். நான் கேட்டதற்கு, "போவப்போற பொருளக் கடைசியா ஒருக்காப் பாக்க வருவாங்கம்மா" என்றார்.

ஏலம் தொடங்குவதற்கு முன்பு வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் என் அருகில் வந்தார். கூட இன்னும் இரண்டு பேர்.

"நீங்க அந்த வூட்டுலயே குடியிருக்கவங்கன்னு சொன்னாங்க. எடுக்குற எண்ணமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நாங்க ஏத்த மாட்டோம்மா. பொம்பளப் புள்ள கூடப் போட்டி என்னத்துக்கு? ஏலம் முடிஞ்சதும் டீக்கடைக்கு வந்து ஆளுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டுப் போயிடுங்க. வழக்கந்தான்."

ஏலத்தின் சூட்சுமமே அதுதான் என்று அப்போது புரிந்தது. மரத்தடியில் நடப்பது சடங்கு. விலை அதற்கு முன்பே, பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் முடிந்துவிடுகிறது. அவர்கள் போட்டியில் நின்று விலை ஏறியிருந்தால் கடன் போக மிச்சம் அண்ணன் கைக்கு வந்திருக்கும். அதைத்தான் நான் டீக்கடையில் மூன்று பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தேன்.

அமீனா தொகையைச் சொன்னார். அதன் மேல் நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. இங்கே என்ன செய்கிறாய், பஸ் தவறி வந்துவிட்டாயா என்பது போல் பார்த்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது.

கால் பங்கைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, டீக்கடைக் கணக்கையும் முடித்துவிட்டுப் பஸ் ஏறினால், அதே பஸ்ஸில் முன்னால் அண்ணன். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தபோது காசை நீட்டினேன். "முன்னாடி பெரியவரு ஒங்களுக்கும் சேத்து எடுத்துட்டாரும்மா" என்றார். ஒரே வீட்டு ஆட்கள் ஒரே பஸ்ஸில் வந்தால் பெரியவர் டிக்கெட் எடுப்பதுதானே பழக்கம். அவருக்குக் கை அப்படியே போயிருக்கிறது. பெரம்பலூர் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத் திட்டுக்குத் தயாராகப் போனேன். பதில்களைக்கூட வரிசையாக வைத்திருந்தேன். அவள் கிணற்றடியில் நின்றபடியே, "வெளியாளுக்குப் போறதுக்கு நீ எடுத்ததே தேவல" என்றாள். பிறகு, "இன்னும் டைம் இருக்காமே? எவ்வளவு நாளு?" என்றாள்.

"ஒரு மாசம்க்கா."

"அது போதும். திருமானூர்ல என் தம்பி கரும்பு வெட்டி பணம் வாங்குறான். ஒனக்குச் சேர வேண்டியதும் சேர்ந்துரும், கவலப்படாத."

ஒரு மாதம் என்று சொன்னபோது என் மனதில் கள்ளம் இல்லை. அதை மட்டும் நம்பலாம். பேச்சு வாக்கில் முப்பது நாளை அப்படித்தான் சொல்வோம்.

பதினைந்து நாளுக்குள் மிச்சப் பணத்தைக் கட்டினேன். அதன் பிறகு எனக்குப் பிடித்தது ஒரு வியாதி. ஆபீஸ் மேஜைக் காலண்டரில் நாட்களைப் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். முன்கட்டில் யாராவது வந்தால் காது அங்கே போனது. தம்பி வந்துவிட்டானோ, பணம் வந்துவிட்டதோ. வரக் கூடாது என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டவில்லை என்பதையே ஒரு நல்ல காரியமாக நினைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அண்ணனுக்குத் திருச்சி மண்டி ஒன்றில் கணக்கு வேலை பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "தம்பி பணம் கொண்டாந்தா, அந்த டைப்பிஸ்ட் அம்மாவக் கேட்டுக்கிட்டு அது சொல்ற மாரி கட்டிடு. அதுக்கு எல்லாம் தெரியும்." வீட்டை ஏலம் எடுத்தவளிடமே கேட்டுச் செய் என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதரை என்னவென்று சொல்வது?

இருபத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. நான் ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் துணியில் முடிந்த பணம். மத்தியானம் தம்பி திருமானூரிலிருந்து வந்து கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டானாம்.

"இந்தா தங்கச்சி, ஒன் பணம், மேல் பணம் எல்லாம் இருக்கு. நாளைக்கு ஆடி மொத வெள்ளி. பணம் வெளிய போவக் கூடாது. அதான் இன்னிக்கே குடுத்துரலாம்னு ஓடியாந்தேன்."

கொடுக்கல் வாங்கல் என்றால் அக்காவுக்குத் தெரிந்தது இதுதான். யாரிடம் பொருள் இருக்கிறதோ அவரிடம் தட்டில் வைத்துக் கொடுத்தால் தீர்ந்தது. கோர்ட்டு என்பது சண்டை போடுகிற இடம், சமாதானம் ஆன பிறகு அங்கே என்ன வேலை?

"என்கிட்ட குடுத்தா செல்லாதுக்கா. கோர்ட்டுலதான் கட்டணும்" என்றேன். இது நிஜம்.

"அப்படியா?" அவள் முகம் வாடிவிட்டது. "நாளைக்கு வெள்ளிக்கெழமையாப் போச்சே. அதுவும் ஆடி வெள்ளி. சனி ஞாயிறு கோர்ட்டு இருக்காது. திங்கக்கெழம போயிக் கட்டலாமா? ரெண்டு நாளு முன்னப் பின்ன ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கள்ல?"

வட்டிக்காரனும் மளிகைக் கடைக்காரனும் அவளுக்காக இரண்டு நாள் பொறுத்தவர்கள். உலகம் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். நாளைதான் கடைசி நாள் என்று எனக்குத் தெரியும். காலண்டரில் வைத்த புள்ளி தெரியும். அமீனா சொன்ன கோடி ரூபாயும் தெரியும். "வெள்ளியாவது ஒண்ணாவது, காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்புங்க, நானும் கூட வரேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஆடி வெள்ளி அதுவுமா லட்சுமிய வெளிய அனுப்புவாங்களாக்கா? திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்றேன்.

பல வருஷங்கள் இந்த வாக்கியத்தை நான் உள்ளுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இதில் எங்கே பொய் இருக்கிறது, அவள் வழக்கத்தைத்தானே அவளுக்குச் சொன்னேன் என்று வாதாடியிருக்கிறேன். வக்கீலுக்குப் படித்திருந்தால் நன்றாக வந்திருப்பேன். எனக்கு வெள்ளியும் கிடையாது செவ்வாயும் கிடையாது என்பது அக்காவுக்கே தெரியும். அதை வைத்து என்னைக் கேலிகூடச் செய்வாள். அன்றைக்கு மட்டும் எனக்கு அப்படி என்ன பக்தி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. மனம் தெளிந்து, "நீ சொன்னா சரிதான்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். பழத்தை மட்டும் எனக்கு வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆபீஸில் பகல் முழுவதும் எனக்குத் தப்புத் தப்பாக அடிபட்டது. ஒரே கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டேன். பதினொரு மணிக்குக்கூட நேரம் இருந்தது. ஆபீஸிலிருந்து வீடு கால் மணி நடை, பஸ் அரை மணிக்கு ஒன்று. ஒரு மணிக்கும் இருந்தது. இரண்டு மணிக்குக்கூட அக்காவை இழுத்துக்கொண்டு ஓடியிருந்தால் ஒரு வேளை பிடித்திருக்கலாம். மூன்று மணிக்குப் பிறகு என் விரல்கள் சரியாக அடிக்க ஆரம்பித்தன. அன்று நடந்ததிலேயே எனக்கு மிகவும் கூச்சமாக இருப்பது அதுதான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மாக்கோலம், உள்ளே சாம்பிராணி வாசனை. அக்கா பூச்சரத்தைக் கிள்ளி என் தலையில் அவளே வைத்துவிட்டாள். நான் குனிந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். திங்கட்கிழமை இருவரும் பணத்தோடு அரியலூர் போனார்கள். நான் ஆபீஸ் போனேன், நேரத்துக்கு வந்தேன், விளக்குப் போடாமல் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். முதலில் அண்ணனின் குரல்தான் கேட்டது. அவர் குரலை உயர்த்தி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"வெள்ளி பாத்து, செவ்வா பாத்து, வூட்ட வுட்டுட்டியேடி! கையில பணத்த வச்சிக்கிட்டு வூட்ட வுட்டவ ஒலகத்துல நீ ஒருத்திதான்டி!"

கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் செருப்புச் சத்தம் வந்தது. கதவைத் திறந்தேன். அண்ணன் நின்றார். கண் சிவந்திருந்தது. ஆனாலும் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் கிணற்றடியில் அக்கா.

"ஏம்மா, நீங்க படிச்சவங்க. ஒங்களக் கேட்டுச் செய்யின்னு சொல்லிட்டுத்தான் திருச்சிக்குப் போனேன். இவ பணத்த வச்சிக்கிட்டு ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டாளா, கேக்கலையா?"

ஆமாம், கேட்டார்கள், நான்தான் திங்கட்கிழமை என்று சொன்னேன் என்று சொல்லியிருந்தால் வீடு திரும்பி வராது. அது போனது போனதுதான். ஆனால் அக்காவின் தலையில் ஆயுசுக்கும் விழப்போகிற பழி அவளை விட்டு இறங்கியிருக்கும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"கேக்கலீங்களேண்ணே" என்றேன்.

அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க. நான் அதுகிட்ட ஒண்ணும் கேக்கல. எனக்காத் தோணுச்சு, அப்படியே இருந்துட்டேன்" என்றாள் அக்கா.

அவர்கள் ஆவணி பிறந்ததும் வண்டி வைத்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருமானூருக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டில்தான் நான் இன்னும் இருக்கிறேன். அன்றைக்கு அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். அவள் சொல்லி முடித்த பிறகு என்னை நேராகத்தான் பார்த்தாள். நான்தான் கதவைச் சாத்தினேன்.